47ஆம் பக்கத்தில் இருந்த எச்சரிக்கை

வன்னிக் கிராமமொன்றின் குடிநீர் நிலையக் கையேடு: ஒரு நிகழ்வு ஆய்வு

பரந்தன்–முல்லைத்தீவு வீதியிலிருந்து விலகி உள்ளே போகும் கிரவல் பாதையின் முடிவில் ஒரு குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறது. தகரக் கூரை, சீமெந்துத் தரை, இரண்டு கறுப்புத் தாங்கிகள், முன்னால் கான்களுடன் வரிசை. 2019 இன் தொடக்கத்தில், நீரிலிருந்து உப்பைப் பிரிக்கும் அந்த நிலையத்தின் மென்சவ்வுகள் இரண்டும் ஒன்றாகப் பழுதாகிப் போயின. மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம் தண்ணீர் விற்றுச் சிறுகச் சிறுகச் சேர்த்த காசு முழுவதும் புதிய மென்சவ்வுகளுக்குச் செலவாகிவிட்டது.

அவற்றைக் காப்பாற்றியிருக்கக்கூடிய தகவல் நிலையத்துக்கு ஏற்கெனவே வந்திருந்தது. இயந்திரத்தோடு கொடுத்த கையேட்டின் 47ஆம் பக்கத்தில், ஓர் அட்டவணையின் நடுவில், ஒரு வரி: "கட்டற்ற குளோரின் – 0.1 பி.பி.எம். இற்குக் குறைவு." அந்த வரியை அதுவரை யாரும் கண்டதில்லை. கண்டிருந்தாலும், வெள்ளத்துக்குப் பின் கிணற்றில் நடந்த வேலையைப் பற்றித்தான் அது பேசுகிறது என்று யாருக்கும் தோன்றியிருக்காது.

நான் விஞ்ஞானம் படிப்பித்து ஓய்வு பெற்றவள். சங்கத் தலைவி என் பழைய மாணவி. "ரீச்சர், இந்தப் புத்தகத்தை எங்களுக்கு விளங்கும்படி ஆக்கித் தாருங்கள்" என்று அவர் கேட்டபோது, சில கடினமான சொற்களை மாற்றினால் போதும் என்றுதான் நினைத்தேன். என் எண்ணம் பிழை என்று தெரிய இரண்டு மாதம் எடுத்தது. புத்தகத்தில் இருந்த தகவல் பெரும்பாலும் சரி. நின்று வாசித்தால் விளங்கவும் செய்தது. தேவைப்பட்ட நேரத்தில் தேவைப்பட்டவருக்கு அது அகப்படவில்லை. கையேட்டில் எனக்கு இப்போது முக்கியமாகத் தெரிவது அந்த அகப்படுதல்தான். அதற்காக நாங்கள் செய்தவற்றையும், செய்ததில் பிழைத்தவற்றையும் இங்கே எழுதுகிறேன்.

தண்ணீரும் இயந்திரமும்

இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம் என்று குளங்களை நம்பி வாழும் நிலம் எங்களுடையது. வயலுக்கு அது போதும். குடிநீர்க் கிணற்றின் கதை வேறு. பல கிணறுகளில் வன்னீர்: கேத்தலின் அடியில் வெள்ளைப் படிவு கட்டும், சவர்க்காரம் நுரைக்காது. கடலுக்கும் களப்புக்கும் கிட்டிய ஊர்களில் உவர். வவுனியா வடக்குப் பக்கம், காரணம் இன்னும் உறுதியாகாத சிறுநீரக நோயின் அச்சம். இலங்கையின் குடிநீர் நியமமான எஸ்.எல்.எஸ். 614, கரைந்த திண்மங்களுக்கு லீற்றருக்கு 500 மில்லிகிராம் என்றும் வன்மைக்கு 250 மில்லிகிராம் என்றும் எல்லை வைத்திருக்கிறது. இந்த எல்லைக்குள் வராத கிணறுகளை நம்பியிருந்த ஊர்களில், மீள்குடியேற்றத்துக்குப் பிந்திய ஆண்டுகளில் 'ஆர்.ஓ.' (எதிர்ச் சவ்வூடுபரவல்) நிலையங்கள் எழுந்தன.

இயந்திரத்தின் வேலை சுருக்கமாக இதுதான். கிணற்று நீர் முதலில் மணல் வடியிலும், பிறகு கரி வடியிலும், பிறகு 5 மைக்ரோன் நூல் வடியிலும் இறங்குகிறது. அதன் பின் உயர் அமுக்கப் பம்பி அதை மென்சவ்வுக்குள் தள்ளுகிறது. ஒரு பக்கம் குடிநீர், மறு பக்கம் உப்பு செறிந்த கழிவு நீர். மென்சவ்வு பொலியமைட் என்னும் பொருளாலான மெல்லிய படலம். பெரிய அமுக்கத்தைத் தாங்கும் அது, சிறிதளவு குளோரினைத் தாங்காது. குளோரினைப் பிடித்து வைப்பது கரி வடியின் பொறுப்பு. கரிக்கும் ஆயுள் உண்டு.

இயக்குபவர்கள் மூவர். காலை முறைக்கும் மாலை முறைக்கும் இரண்டு பெண்கள், பாரமான வேலைகளுக்கு ஓர் இளைஞர். மூவரும் தமிழில் சரளமாக வாசிப்பவர்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கையேடு பயன்படவில்லை என்றதும் "படிப்பறிவு குறைவு" என்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள்.

வெள்ளத்துக்குப் பிறகு

2018 டிசெம்பர் பிற்பகுதியில் பெய்த மழையில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களின் பல ஊர்கள் வெள்ளத்தில் மூழ்கின. இரணைமடுவின் வான்கதவுகள் திறக்கப்பட்டன. வெள்ளம் வடிந்ததும் கிணறுகளை இறைத்து, கழுவி, குளோரின் இடுவார்கள். அது சரியான வேலை. வெள்ளநீர் இறங்கிய கிணற்றுக்குச் செய்தே ஆகவேண்டிய வேலை. கிருமிகளிடமிருந்து பாதுகாக்க, குளோரின் இட்டு அரை மணித்தியாலமாவது கழிந்த பின்னும் நீரில் லீற்றருக்குக் குறைந்தது 0.5 மில்லிகிராம் குளோரின் எஞ்சியிருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். மனிதரைக் காக்கும் அந்த அளவே, மென்சவ்வு தாங்கும் 0.1 பி.பி.எம். (லீற்றருக்கு 0.1 மில்லிகிராம்) அளவைப்போல் ஐந்து மடங்கு. கிணற்றைச் சுத்தம் செய்ய இடுவது அதைவிடவும் அதிகம்.

நிலையத்தின் கிணற்றுக்கும் குளோரின் இட்டார்கள். இரண்டு நாள் கழித்து இயந்திரத்தை இயக்கினார்கள். கரி வடியில் கிடந்த கரி மாற்ற வேண்டிய காலத்தைத் தாண்டியிருந்தது. சில நாட்களில் தண்ணீர் வழமையைவிடக் கூடுதலாக வரத் தொடங்கியது. மழைக்குப் பின் கிணறு நிறைந்ததால் வந்த நன்மை என்று எல்லோரும் மகிழ்ந்தார்கள். மென்சவ்வு சிதைகிறபோதும் தண்ணீர் கூடத்தான் வரும். அதோடு உப்பும் கூட வரும்.

நீரில் கரைந்த திண்மங்களை அளக்கும் ரி.டி.எஸ். மானியில் எண் ஏறுவதைக் காலை முறை பார்க்கும் பெண் கவனித்து, கொப்பியில் நாள்தோறும் குறித்து வைத்திருந்தார். காரணம் தேடிப் புத்தகத்தைத் திறந்தார். மூன்று நாள் தேடியிருக்கிறார். அதை என்னிடம் சொல்லும்போது அவருக்குக் கண் கலங்கியது. பிழை தன்னுடையது என்றே நம்பிக்கொண்டிருந்தார். நாள் தவறாமல் எண்ணைக் குறித்தவர், மாற்றத்தைக் கண்டவர், புத்தகத்தைத் திறந்தவர் அவர். ஒரு பயனாளர் செய்யவேண்டிய எல்லாவற்றையும் அவர் செய்திருந்தார். புத்தகம்தான் தன் பங்கைச் செய்யவில்லை. இதை அவரிடம் பல தடவை சொல்ல வேண்டியிருந்தது.

பழைய புத்தகம்

தடித்த அட்டை, பளபளப்பான தாள். முன்பாதி ஆங்கிலம், பின்பாதி தமிழ். தமிழ்ப் பகுதி வாழ்த்துரையோடு தொடங்கி, உத்தரவாத நிபந்தனைகள், இயந்திரத்தின் சிறப்புகள், தொழிற்பாட்டுக் கொள்கை, நிறுவும் முறை என்று போகிறது. நிறுவும் வேலையை வழங்குநரின் ஆட்களே வந்து முடித்துவிட்டுப் போய்விட்டார்கள். இயக்குபவர் வாழ்நாளில் ஒரு தடவையும் செய்யப்போகாத அந்த வேலைக்குத்தான் மிக அதிகமான பக்கங்கள்.

பொருளடக்கத்தில் ஆறு தலைப்புகள்: பொது, தரக்கூற்றுகள், நிறுவல், இயக்கம், பராமரிப்பு, இதர. தண்ணீரில் உப்பு ஏறினால் இவற்றில் எதைத் திறப்பது? இயக்கமா, பராமரிப்பா, இதரவா? நானே தடுமாறினேன். சரியான விடை 'தரக்கூற்றுகள்'. குளோரினின் எல்லை, உள்ளே வரும் நீரின் தகுதிகளில் ஒன்றாக, pH என்று சொல்லப்படும் அமிலக் கார அளவுக்கும் வெப்பநிலைக்கும் இடையில் அடங்கியிருந்தது. பொறியியலாளரின் மனத்தில் அதன் இடம் அதுதான். அவர் இயந்திரத்தை விற்பதற்கு முன் நீரின் தகுதியைப் பார்க்கிறார். இயக்குபவரோ கிணற்றடியில் நின்று பார்க்கிறார்.

இன்னொரு குறையை எண்ணினால் இப்போதும் மனம் வருந்துகிறது. தமிழ்ப் பொருளடக்கத்தில் இருந்த பக்க எண்கள் ஆங்கிலப் பகுதியின் பக்க எண்கள். மொழிபெயர்த்தவர் தலைப்புகளை மாற்றியிருக்கிறார்; எண்களை யாரும் மாற்றவில்லை. தமிழில் தேடியவர் எந்தத் தலைப்பைப் பின்பற்றிப் போனாலும் ஆங்கிலப் பக்கத்தில்தான் போய் நின்றார். ஒரு தடவை, இரண்டு தடவை அப்படி நடந்தால் யாரும் பொருளடக்கத்தை நம்பமாட்டார்கள். அவர்களும் நம்பவில்லை.

புத்தகம் இருந்த இடமும் சிக்கல். கறையானுக்குப் பயந்து அதைத் தலைவியின் வீட்டு இரும்பு அலுமாரியில் வைத்திருந்தார்கள். தலைவி வயலுக்குப் போனால் சாவியும் வயலுக்குப் போனது.

பேசாமல் பார்த்தது

சில வாரங்கள் காலையில் நிலையத்தில் போய் இருந்தேன். "கடைசியாக எதற்காகப் புத்தகத்தைத் தேடினீர்கள்?" என்று கேட்டு, அவர்கள் சொன்னதை அவர்கள் சொன்ன சொற்களிலேயே துண்டுத் தாள்களில் எழுதினேன். இருபது கேள்விகள் சேர்ந்தன. பிறகு ஒவ்வொருவரிடமும் புத்தகத்தைக் கொடுத்து, ஒரு துண்டை எடுத்து அதற்கு விடை தேடச் சொன்னேன். நான் வாய் திறக்கக்கூடாது என்பது எனக்கு நானே விதித்த கட்டளை. ஆசிரியராக இருந்த ஒருத்திக்கு அதைவிடக் கடினமான வேலை இல்லை.

யாரும் முதல் பக்கத்திலிருந்து வாசிக்கவில்லை. பெருவிரலால் தாள்களை உதறிக்கொண்டே போனார்கள். தங்கள் இயந்திரத்தைப்போல் ஒரு படம் தெரிந்தால் நின்றார்கள். படத்தின் கீழே இரண்டு வரி வாசித்தார்கள். வேலைக்கு உதவாது என்று பட்டதும் மறுபடி உதறினார்கள். இப்படி இரண்டு மூன்று முறை ஆனதும் புத்தகத்தை மூடிவிட்டுத் தொலைபேசியைக் கையில் எடுத்தார்கள். தொழில்நுட்பவியலாளர் வேறு மாவட்டத்தில். அவர் வரும்வரை இயந்திரம் ஒன்றில் நிற்கும், இல்லாவிட்டால் பிழையாக ஓடும்.

இது எங்கள் ஊருக்கு மட்டும் உரிய பழக்கம் இல்லை. 1980களில் ஐ.பி.எம். ஆய்வுகூடத்தில் ஜோன் கரோல், கணினி கற்க வந்தவர்களை இப்படித்தான் பக்கத்தில் இருந்து பார்த்தார். அவர்களும் கையேட்டை ஒழுங்காக வாசிக்கவில்லை. நேரே வேலையில் இறங்கி, முட்டிக்கொண்ட இடத்தில்தான் உதவி தேடினார்கள். அப்படியானால் கையேட்டின் வாசல் முதல் பக்கத்தில் இல்லை. பயனாளர் எங்கே முட்டிக்கொள்கிறாரோ அங்கே இருக்கிறது.

மருந்து

என் துண்டுத் தாள்களில் ஒன்றில் இப்படி இருந்தது: "கிணற்றுக்கு மருந்து போட்ட பிறகு எத்தனை நாள் பொறுக்க வேண்டும்?"

இதைக் கேட்டவர் மாலை முறை பார்ப்பவர். அவருக்கு இந்தச் சந்தேகம் 2019 ஜனவரியிலேயே வந்திருக்கிறது. சரியான கேள்வி, சரியான நேரம். புத்தகத்தில் தேடியும் பார்த்திருக்கிறார். 'மருந்து' என்ற சொல் புத்தகத்தில் ஓரிடத்திலும் இல்லை. எங்கள் பக்கம் கிணற்றுக்குக் குளோரின் போடுவதில்லை, மருந்துதான் போடுகிறார்கள். வயலுக்கு அடிப்பதும் மருந்து, கிணற்றில் கரைப்பதும் மருந்து, காய்ச்சலுக்குக் குடிப்பதும் மருந்து. புத்தகம் குளோரின் என்றது, அதுவும் 'கட்டற்ற' என்ற அடையோடு.

இந்த ஒரு துண்டுத் தாள்தான் என் வேலையைத் திருப்பிப் போட்டது. அதன் பிறகு இயந்திரத்தின் ஒவ்வொரு பாகத்தின் முன்னும் போய் நின்று, "இதை என்னவென்று சொல்வீர்கள்?" என்று கேட்டேன். புத்தகத்தில் இருந்த 'அழுத்தமானி', எங்கள் பாடப்புத்தகங்களில் 'அமுக்கமானி'. மாலை முறை பார்ப்பவருக்கு 'பிரஷர் மீற்றர்', இளைஞருக்கு 'கேஜ்'. புத்தகத்தின் 'சவ்வு', பள்ளிக்கூடத்தில் 'மென்சவ்வு', நிலையத்தில் 'மெம்பிரேன்'. காலை முறை பார்ப்பவர் அதை 'வெள்ளைக் குழாய்' என்றார், அது இருக்கும் உறையைப் பார்த்து. புத்தகத்தின் 'வடிகட்டி' அவர்களுக்குப் 'பில்ரர்', அதிலும் நூல் சுற்றியது 'நூல் கட்டை'. 'மொத்தக் கரைந்த திடப்பொருள்கள்' என்று புத்தகம் நீட்டி எழுதியதை மூவரும் 'உப்பு' என்றே சொன்னார்கள். கடல் கடந்து எழுதப்பட்ட தமிழ், பாடப்புத்தகத் தமிழ், நிலையத்துத் தமிழ் என்று மூன்று தமிழ்கள் ஒரே தகரக் கூரையின் கீழ் இருந்தன. மூன்றும் நல்ல தமிழ்தான். ஒன்று பேசுவது மற்றதற்குக் கேட்கவில்லை.

இதற்கும் ஓர் ஆய்வு உண்டு. ஜோர்ஜ் ஃபர்னாசும் அவருடைய மூன்று சகாக்களும் 1987 இல் வெளியிட்ட முடிவின்படி, ஒரு பொருளுக்கு இரண்டு பேர் தாமாகவே ஒரே சொல்லைத் தேர்வதற்கான வாய்ப்பு 20 சதவீதத்துக்கும் குறைவு. எவ்வளவு சிறந்த சொல்லைத் தேர்ந்தாலும் தேடுபவர்களில் பெரும்பாலானவர்கள் வேறொரு சொல்லோடுதான் வருவார்கள். அவர்கள் சொன்ன மருந்து: ஒரு பொருளுக்கு எத்தனை பெயர் உண்டோ அத்தனையையும் வாசலில் ஏற்றுக்கொள்வது.

நானும் அப்படியே செய்தேன். புத்தகத்தின் உள்ளே ஒரு பொருளுக்கு ஒரே பெயர்தான். அமுக்கமானி என்றால் கடைசிவரை அமுக்கமானி. தேடும் இடத்தில் மட்டும் பிரஷர், கேஜ், மீற்றர் எல்லாமே வரும். ஒவ்வொன்றின் எதிரிலும் நேரே பக்க எண் இருக்கும். 'அமுக்கமானி என்பதைப் பார்க்கவும்' என்று இன்னொரு சொல்லுக்கு அனுப்பி வைக்கும் வழக்கத்தைக் கைவிட்டேன். ஈரக் கையோடு நிற்பவரை இரண்டு வாசலுக்கு அலைக்கழிக்க எனக்கு மனம் வரவில்லை.

அகரவரிசை காலை வாரியது

முதலில் அந்தப் பெயர்களை அகரவரிசையில் அடுக்கினேன். தமிழில் ஒழுங்கு என்றால் அதுதானே. வைத்துப் பார்த்தபோது அது உதவவில்லை. 'ண' எங்கே, 'ற' எங்கே என்று வளர்ந்தவர்கள் வாய்க்குள் முனகிக்கொண்டு தேடினார்கள். அதைவிடப் பெரிய இடைஞ்சல் பிறமொழிச் சொற்களிடமிருந்து வந்தது. பில்ரர், பில்டர், ஃபில்ரர் என்று ஒரே சொல்லை மூவர் மூன்று விதமாக எழுதினார்கள். ரி.டி.எஸ். என்பதை 'ர' வில் தேடுவதா 'ட' வில் தேடுவதா? அகரவரிசை எழுத்தை நம்பி நிற்கிறது. எங்கள் பேச்சில் கலந்த சொற்களுக்கோ ஒரு நிலையான எழுத்து இல்லை.

மாற்று வழியை எனக்குக் காட்டியதும் அந்த இருபது துண்டுகள்தான். அவற்றை மேசையில் பரப்பி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது, எல்லாக் கேள்விகளும் ஏதோ ஒரு புலனில் தொடங்குவது தெரிந்தது. முள் சிவப்புக்குப் போய்விட்டது: கண். மோட்டார் உறுமுகிறது: காது. தண்ணீர் உப்புக் கரிக்கிறது: நாக்கு. சேற்று மணம் வருகிறது: மூக்கு. பம்பி சுடுகிறது: கை. புலனில் தொடங்காத சிலவும் இருந்தன. அவை வெளியே நடந்தவை. கரண்ட் போனது, வெள்ளம் வந்தது, கோயில் திருவிழாவுக்கு நான்கு நாள் பூட்டினோம், கிணற்றுக்கு மருந்து போட்டார்கள்.

புதிய புத்தகத்தின் பிரிவுகள் அவைதாம்: கண்டால், கேட்டால், குடித்தால், மணந்தால், தொட்டால், வெளியே நடந்தால். ஆறு பிரிவுகள், ஆறு படிகளாக வெட்டிய விளிம்பு. பழைய கணக்குப் பேரேடுகளில் இருப்பதைப்போல. மூடிய புத்தகத்திலேயே விரலை வைத்துத் திறக்கலாம். அகரவரிசைப் பட்டியலைக் கடைசித் தாளில் வைத்திருக்கிறேன், தேடித் தெரிந்தவர்களுக்காக.

இதில் தமிழே எனக்குக் கை கொடுத்தது. எங்கள் வாக்கியத்தில் நிபந்தனை முன்னே வரும், செயல் கடைசியில் வரும். "அமுக்கமானி 2 இன் முள் சிவப்பில் நின்றால்" என்பது தலைப்பாகவே பிறந்த வாக்கியம். பழைய புத்தகம் 'பராமரிப்புக்கான வழிமுறைகள்' என்று எழுதியது. அந்தத் தலைப்பில் தேடுபவரின் கண் பிடித்து நிற்க ஒன்றுமில்லை.

அதே இலக்கணம் படிமுறைகளில் ஆபத்தும் வைத்திருந்தது. "அமுக்கமானி 2 பூச்சியத்துக்கு வந்து மோட்டார் முற்றாக நின்ற பின் வால்வு 4 ஐ மெதுவாகத்..." என்று போகும் வாக்கியத்தில், திறப்பதா மூடுவதா என்பது கடைசிச் சொல்லில்தான் தெரியும். கையோ வால்வு 4 என்றதும் போய்விடுகிறது. அதனால் ஒரு வரிக்கு ஒரு செயல் என்று வெட்டினேன். 'மோட்டார் நின்றுவிட்டதா என்று பார்க்கவும்.' அடுத்த வரி: 'வால்வு 4 ஐத் திறக்கவும்.' வால்வுகளுக்கு எண் தந்து இயந்திரத்திலும் அதே எண்ணைத் தீட்டினோம். நிறத்தை மட்டும் நம்பவில்லை. கடையில் போட்டோக் கொப்பி எடுத்தால் சிவப்பும் பச்சையும் ஒரே சாம்பலாகிவிடும், இந்தப் புத்தகம் கொப்பி எடுக்கப்படும் என்பது நிச்சயம்.

கூறியது கூறல்

நன்னூல் ஒரு நூலுக்குரிய பத்துக் குற்றங்களைச் சொல்கிறது. அவற்றில் 'மற்றொன்று விரித்தல்' பழைய கையேட்டில் நிறைய இருந்தது: உப்பைக் கேட்டவருக்கு நிறுவனத்தின் பெருமை. 'குன்றக் கூறல்' 47ஆம் பக்கத்தில் இருந்தது. ஆனால் 'கூறியது கூறல்' என்ற குற்றத்தை நான் தெரிந்தே செய்தேன். மின்சாரத்தை நிறுத்தும் வரி எங்கெங்கே தேவையோ அங்கங்கே முழுதாக வருகிறது. மனனம் செய்வதற்காக முதலிலிருந்து ஓதப்பட்ட நூலுக்குக் கூறியது கூறல் சுமை. நடுவில் திறக்கப்படும் நூலில், திறந்த பக்கம்தான் வாசிப்பவரின் முதல் பக்கம். 'பக்கம் 12 இல் கூறியபடி' என்று எழுதினால், 12ஆம் பக்கத்துக்குப் போகாதவரின் கை மின்கம்பியில் இருக்கும்.

சங்கத்தில் சிலருக்கு இது பிடிக்கவில்லை. தாள் வீண் என்றார்கள். நான் விட்டுக்கொடுக்கவில்லை.

வேண்டாத பக்கங்களை எறியவும் இல்லை. தரக்கூற்று, உத்தரவாதம், நிறுவல் எல்லாம் தனிப் புத்தகமாகி அலுமாரிக்குப் போயின. அவை தொழில்நுட்பவியலாளருக்குத் தேவை. அவர் வேறு வாசகர், அவர் தேடும் விதமும் வேறு. பயன்பாட்டுத் தகவல்களுக்கான 82079-1 என்ற சர்வதேச நியமம் 2012 இல் வெளிவந்து 2019 இல் திருத்தப்பட்டது. யாருக்காக, எந்த வேலைக்காக என்பதிலிருந்து தொடங்கித் தகவலை அமைக்கச் சொல்வது அதன் அடிப்படை. நான் அதை அறிந்தபோது எங்கள் வேலை பாதி முடிந்துவிட்டிருந்தது.

நிலையத்துப் புத்தகம் சுருள் கட்டு, விரித்தால் விரித்தபடி கிடக்கும். பக்க எண் வெளி மூலையில், கை நீட்டிய தூரத்தில் தெரியும் அளவில். மோட்டாருக்குப் பக்கத்துத் தூணில் நைலோன் கயிற்றில் தொங்குகிறது.

பிழைத்தவை

அதே இருபது துண்டுகளோடு மறுபடியும் உட்கார்ந்தோம். இந்த முறை, இயந்திரத்தைப் பார்த்தே இராத பக்கத்து ஊர்ப் பெண்கள் இருவரையும் அழைத்தேன். பெரும்பாலானவை உடனே அகப்பட்டன. அகப்படாதவைதான் எனக்குப் பாடம்.

செய்யக்கூடாத செயல்களின் முன்னால் பெருக்கல் குறி போட்டிருந்தேன். எங்கள் மொழியில் மறுப்பு சொல்லின் வாலில் ஒட்டிக்கொண்டிருப்பதால், அவசரத்தில் அது கண்ணில் படாமல் போகும் என்ற பயம். பக்கத்து ஊர்ப் பெண்களில் ஒருவர் குறியைப் பார்த்துவிட்டு, "இந்த வரியை வெட்டிவிட்டீர்கள்தானே, ரீச்சர்?" என்று கேட்டார். வாழ்நாள் முழுவதும் விடைத்தாள்களில் நான் போட்ட குறி அது. பிழையான வரியைத்தான் அப்படி வெட்டுவார்கள். எச்சரிக்கை வரியையே நான் இல்லாமல் ஆக்கியிருக்கிறேன். குறியை நீக்கி, "கூடாது:" என்ற சொல்லைத் தடித்த எழுத்தில் வரியின் தலையில் வைத்தேன். "கூடாது: மருந்து போட்ட கிணற்றுநீரை இயந்திரத்துக்குள் விடுவது."

பளபளக்கும் பிளாஸ்ரிக் உறை ரியூப் லைற்றின் வெளிச்சத்தை எறிந்து, மாலையில் ஒரு வரியும் தெரியவில்லை. மங்கலான உறைக்கு மாறினோம். வால்வுகளில் தீட்டிய எண்கள் ஒரு மாரியோடு உரிந்தன. இப்போது தகட்டில் குத்திய எண்கள் கம்பியில் தொங்குகின்றன.

2022 தான் பெரிய திருத்தத்தைக் கொண்டுவந்தது. அந்த ஆண்டு மார்ச் முடிவில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம்வரை மின்வெட்டு. மென்சவ்வுக்குள் உப்புநீரை நிற்கவிட்டால் படிவு கட்டும்; கரண்ட் வந்ததும் என்ன ஒழுங்கில் கழுவி எதை முதலில் இயக்குவது என்பது ஒவ்வொரு நாளும் வேண்டிய அறிவாகிவிட்டது. அந்தப் பக்கத்தை நான் கடைசிப் பிரிவின் கடைசியில் வைத்திருந்தேன். ஒரு நாள் புத்தகத்தின் விளிம்பைப் பார்த்தேன். வேறெங்கும் இல்லாத கறுப்பு, எண்ணெய்க் கை பட்டுப் பட்டு, அந்த ஒரு தாளில் ஏறியிருந்தது. யாரிடமும் கேட்காமலே தெரிந்துவிட்டது. அடுத்த பதிப்பில் அது பிரிவின் முதல் பக்கமானது. இப்போதெல்லாம் எந்தக் கையேட்டைத் திருத்தக் கொடுத்தாலும் பழைய பிரதியின் விளிம்பைத்தான் முதலில் பார்க்கிறேன்.

2024 நவம்பர்

2024 நவம்பர் கடைசியில் வடக்கிலும் கிழக்கிலும் மறுபடியும் பெருமழை. வெள்ளம் வடிந்ததும் நிலையத்தின் கிணற்றுக்கு மருந்து போட்டார்கள். காலை முறை பார்ப்பவர், மூன்று நாள் தேடிய அதே பெண், கடைசிப் படியில் விரலை வைத்துப் புத்தகத்தைத் திறந்திருக்கிறார். வால்வு 1 ஐ மூடி, 'மருந்து' என்று எழுதிய அட்டையை அதில் தொங்கவிட்டிருக்கிறார். கிணற்றை வெளியே இறைத்து, நீரில் குளோரினைச் சோதிக்கும் மாத்திரை கரைத்து, இளஞ்சிவப்பு நிறம் வருகிறதா என்று பார்க்கச் சொல்கிறது அடுத்த வரி. நிறம் வராதுவிட்டால்தான் வால்வைத் திறக்கலாம்.

நிறம் வரவில்லை. ஆனால் கிணற்றடியில் மருந்து மணம் அடித்துக்கொண்டிருந்தது. எண்ணையும் எழுத்தையும் போலவே தன் மூக்கையும் நம்புகிறவர் அவர்; வால்வைத் திறக்கவில்லை. மாத்திரைப் பெட்டியைத் திருப்பிப் பார்த்தபோது அது காலாவதியாகிப் பல மாதம் ஆகியிருந்தது. பொதுச் சுகாதாரப் பரிசோதகரைத் தொலைபேசியில் அழைத்து, அவர் புதிய மாத்திரையோடு வரும்வரை தண்ணீர் விற்காமல் இருந்தார்கள். வரிசையில் நின்றவர்கள் கோபித்துக்கொண்டு வெறுங் கானோடு திரும்பினார்கள்.

அடுத்த வாரம் நான் போனபோது, அந்தப் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் ஒரு வரி எழுதப்பட்டிருந்தது: "மாத்திரையின் திகதியை முதலில் பார்க்கவும்." இப்போது அச்சில் இருக்கும் பதிப்பில் அதுதான் அந்தப் பக்கத்தின் முதல் வரி.